கூடத்து வெளிச்சத்தை இடிக்காதீர்கள்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் தமிழ்நாடு மரபு ஆணையத்துக்கும்,



மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் கூடத்தை வாடகைக்கு எடுத்து ஓவியம் வரைந்துவந்த நண்பர்கள் நாங்கள். அந்த வீடு கைவிட்டுப் போனதால் இப்போது தரமணியில் தகரக் கூரை வேய்ந்த மொட்டைமாடி அறையில் வேலை செய்கிறோம். வீட்டுக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. கூரை ஒழுகியது, அண்ணன் தம்பிகள் பங்கு கேட்டார்கள், புரமோட்டர் வந்தார். வீட்டுக்காரர்தான் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? ஓவியர்களுக்கு விட்டிருக்கும் வீட்டுக்கு வரியில் சலுகை உண்டா என்று ஓர் அலுவலகத்தில் அவர் விசாரித்தார். “குடியிருப்பா, கடையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்றார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்பதே அங்கு யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வீட்டில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். ரேழியைத் தாண்டினால் முற்றம். வெயில் முற்றத்துச் சுவரில் பட்டுத் தணிந்துதான் கூடத்துக்குள் வரும். கான்வாஸில் நேராக அடிக்காது. தேக்கு உத்தரங்களின்மேல் சின்னச் செங்கல்லை நிமிர்த்திச் சாய்வு வரிசையில் சுண்ணாம்புச் சாந்தால் பிடித்த மெட்ராஸ் டெரஸ் தளம். அதன் குளிர்ச்சியில் சித்திரையிலும் வண்ணம் தட்டிலேயே காய்ந்துபோகாது. பெரிய படத்தை நிமிர்த்திவைத்து, பத்தடி பின்னுக்கு நகர்ந்து பார்க்க முடியும். இரட்டைத் திண்ணையில் பூ கட்டும் அம்மா உட்கார்ந்திருப்பார். “இந்தப் பொம்பளை மூஞ்சில ஏன் இவ்ளோ நீலம்?” என்று உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்பார். எந்த கேலரியிலும் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதற்குப் பதில் சொல்லிப் பழகித்தான் என் கை தெளிந்தது.

இது என் ஒருவன் கதை இல்லை. மயிலாப்பூர் நடுத்தெரு வீட்டில் வாழ்ந்தவர் எஸ். ராஜம். 1934இல் ‘சீதா கல்யாணம்’ படத்தில் ராமனாக நடித்தவர், சங்கீத வித்வான், வானொலியில் பணியாற்றியவர், 2010இல் மறையும்வரை ஓவியர். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள் என்றதும் நம் மனக்கண்ணில் வரும் முகங்கள் அவர் வரைந்தவை. அவர் படித்தது எழும்பூர் ஓவியப் பள்ளியில், தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில். ராய் சௌத்ரியின் குரு அவனீந்திரநாத் தாகூர். கல்கத்தா ஜோராசாங்கோவின் ஐந்தாம் எண் வீட்டுத் தென்தாழ்வாரத்தில் உட்கார்ந்துதான் அவனீந்திரநாத்தும் அவர் அண்ணன் ககனேந்திரநாத்தும் வரைந்தார்கள். ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் பிறந்த கலை கல்கத்தாவிலிருந்து எழும்பூர் வழியாக நடுத்தெருவரை வந்திருக்கிறது. அந்த ஐந்தாம் எண் வீட்டையும் விற்று இடித்துவிட்டார்கள். வங்காளிகள் இன்றும் அதைச் சொல்லி வருந்துகிறார்கள். நாமும் அப்படி வருந்துவதற்குத்தான் காத்திருக்கிறோமா?

உங்கள் பணியை நான் மதிக்காதவன் அல்ல. அண்ணாசாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று 2010இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். மரபு ஆணையச் சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது 2012இல். அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்குள் எத்தனை திண்ணைகள் கார் நிறுத்தும் இடமாகிவிட்டன! கோபுரமும் குவிமாடமும் உள்ள கட்டடங்களே பாதுகாக்கத் தகுந்தவை என்று பட்டியல் போடுகிறவர்களுக்குத் தோன்றுகிறது. தெருவோடு தெருவாகச் சுவர் ஒட்டி நிற்கும் வீடு கண்ணில் படுவதில்லை. பட்டாலும், அதன் முகப்பைத்தான் பார்க்கிறார்கள். உள்ளே யார் என்ன வேலை செய்கிறார் என்பது எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

ஆனால் கொச்சியில் பழைய பண்டகசாலைகளே கலைக்கூடங்களாகியிருக்கின்றன. அவற்றில் ஒன்றான பெப்பர் ஹவுஸில் ஓவியர்கள் தங்கி வேலை செய்திருக்கிறார்கள். இங்கே 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் மற்றவர்களும் பாத்திக் துணி விற்ற காசைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் மணல்வெளியை வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். இன்று அந்தப் பகுதியில் ஓர் இளம் ஓவியர் கால் கிரவுண்டாவது வாங்க முடியுமா? ஊருக்குள் பழைய வீடும் இல்லை, ஊருக்கு வெளியே நிலமும் இல்லை என்றால் எழும்பூரில் படித்து முடிக்கும் பிள்ளைகள் எங்கே போவார்கள்? பலர் விளம்பர அலுவலகங்களுக்குப் போய்விடுகிறார்கள். கேட்டால், “வரைய இடமில்லைங்க அண்ணே” என்கிறார்கள்.

நான் கேட்பது நடக்கக்கூடியதுதான். அரசுக்கும் கோயில்களுக்கும் சொந்தமான பழைய வீடுகளில் பூட்டிக் கிடப்பவற்றைக் கணக்கெடுங்கள். பழுதுபார்க்கும் செலவில் ஒரு பகுதியை வாடகையில் கழித்துக்கொண்டு, நீண்டகால ஒப்பந்தத்தில் ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் விடுங்கள். சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வேலை கிடைக்கும். கட்டாமல் விட்ட பரப்புக்கான உரிமையை வேறு இடத்துக்கு விற்க உதவும் வளர்ச்சி உரிமை மாற்றம் உங்கள் விதிகளிலேயே இருக்கிறது. மரபுப் பட்டியலில் ஏறாத தெரு வீட்டுக்காரருக்கும் அதைக் கொடுங்கள். இடிக்காமலே அவருக்கு நாலு காசு கிடைக்கட்டும். வரிப் படிவத்தில் குடியிருப்பு, கடை என்ற இரண்டோடு ‘கலைக்கூடம்’ என்று மூன்றாவதாக ஒரு கட்டம் போடுங்கள்.

வீடுகளைக் கணக்கெடுக்க ஆள் போதாது என்றால் சொல்லி அனுப்புங்கள். மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றியுள்ள ஒவ்வொரு தெருவையும் நடந்து, முற்றம் உள்ள வீடுகளைப் படம் வரைந்து தர நாங்கள் தயார். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
தரமணியிலிருந்து ஓர் ஓவியன்