செல்லா, கூண்டா – யார் குற்றவாளி?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மளிகைக் கடைகளில் அட்டை அட்டையாக அடுக்கியிருக்கும் முட்டை பெரும்பாலும் நாமக்கல்லில் இருந்து லாரியில் வருவது. அத்தனையும் கூண்டுக் கோழி இட்டது. கூண்டுப் பண்ணை என்றாலே கோழிச்செல்லும் கூடவே வரும்.

ஒரு வகைச் செல்லு கோழியின் உடம்பிலேயே குடியிருக்கும். சிவப்புச் செல்லு பகலில் கூண்டு இடுக்கில் ஒளிந்து, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். தீனியே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

உடனே எல்லோரும் கேட்பது "என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான். கேட்க வேண்டியது அதுவா? கொல்லையில் திரியும் நாட்டுக்கோழியைப் பாருங்கள். மண்ணைப் பறித்து, புழுதியை இறக்கைக்குள் வாரிப் போட்டு, உதறிவிட்டுப் போகிறது. (பாட்டிமார் அடுப்புச் சாம்பலையும் கொட்டி வைப்பார்கள்.) ஏ4 தாளைவிடச் சின்ன இடத்தில், கம்பி மேல் நிற்கிற கோழி எந்த மண்ணில் புரளும்?

மருந்தை நம்பிய கதை 2017-ல் நாறியது. நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் சிவப்புச் செல்லுக்கு அடித்த 'மூலிகை' மருந்தில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது. நாய் உண்ணிக்குப் போடுகிற விஷம் அது! முட்டைக்குள்ளேயே போய்விட்டது. லட்சக்கணக்கான முட்டைகளை அழித்தார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் நம் சட்ட ஆணையமும் 269-வது அறிக்கையில் கூண்டு முறைக்கு எதிராக வரைவு விதிகளே எழுதிக் கொடுத்தது.

கூண்டை எடுத்தால் விலை ஏறும் என்பார்கள். ஏறும்தான். செல்லும் அடியோடு ஒழிந்துவிடாது. ஆனால் சத்துணவுத் தட்டு வரைக்கும் போகிற முட்டை இது. எந்த மருந்தை, எந்தத் தேதியில் அடித்தார்கள் என்று அட்டையில் ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?