"விழிப்புணர்வு இல்லை"ன்னு எழுதறதை முதல்ல நிறுத்துங்க

1/ காஞ்சிபுரம் பக்கம் அரசு மருத்துவரா இருக்கேன். இருளர் பெண்கள் கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பரிசோதனைக்கு ஏன் வரலைன்னு கேட்டா, நான் பார்க்கிற அறிக்கை எல்லாத்துலயும் ஒரே பதில்: "விழிப்புணர்வு இல்லை." அது பொய். ஏன்னு சொல்றேன். 🧵

2/ ஒரு பங்குனி மாசம் இருளர் குடியிருப்புல கேம்ப் போட்டோம். வியாழக்கிழமை, காலை 10 மணி. பேனர், ரெண்டு நர்ஸ், எல்லாம் ரெடி. வந்தது 4 பேர். பாதிக் குடும்பம் செங்கல் சூளையிலேயே தங்கியிருக்கு, மிச்சப் பேர் கூலிக்குப் போயாச்சு. "எப்பம்மா வீட்ல இருப்பீங்க?"ன்னு முன்னாடியே கேட்க எங்கள்ல ஒருத்தருக்கும் தோணலை. ஆனா ரிப்போர்ட்ல என்ன எழுதினோம்? "ஒத்துழைப்பு குறைவு."

3/ அன்னைக்கு ஒரு பாட்டி கேட்டாங்க: "முன்ன ஒரு தடவ வந்து ரத்தம் எடுத்துனு போனாங்களே டாக்டரம்மா, அதுல இன்னா இருந்துச்சுன்னு யாரும் வந்து சொல்லலியே. நீயாச்சும் வந்து சொல்லுவியா?" என்கிட்ட பதில் இல்லை.

4/ அவங்க சந்தேகம் சும்மா வந்ததில்ல. 2009-ல அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்துல எச்பிவி தடுப்பூசி ஆய்வு. ஊசி போட்டதுல நிறைய பேர் பழங்குடி விடுதி மாணவிகள். 9,543 ஒப்புதல் படிவங்கள்ல 2,763-ல கையெழுத்து போட்டது ஹாஸ்டல் வார்டன்! 2013-ல நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில இருக்கு.

5/ தெளிவா சொல்லிடறேன்: தடுப்பூசி நல்லது, உங்க பெண்ணுக்குப் போடுங்க. அந்த ஆய்வுல நடந்த மரணங்களுக்கு ஊசி காரணமில்லைன்னு விசாரணைக் குழு சொன்னது. தப்பு மருந்துல இல்ல, கேட்காம போட்டதுல.

6/ அதுக்கும் முன்னாடி திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத்ல மூணு பெரிய ஆய்வுகள். வினிகர் மாதிரி அமிலம் தடவிப் பார்க்கிற சாதாரண பரிசோதனையால இறப்பு 35% குறையும்னு 2007-ல திண்டுக்கல் முடிவு சொன்னது. உலகத்துக்கே பயன்பட்ட அறிவு. ஆனா அந்த மூணு ஆய்வுலயும் பரிசோதனை செய்யப்படாத ஒப்பீட்டுக் குழுக்கள்ல இந்த நோயால இறந்த பெண்கள் 254 பேர்.

7/ அவ்வளவு விலை கொடுத்து வாங்கின அறிவு நம்ம பெண்களுக்கு வந்து சேர்ந்துதா? 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல, 30-49 வயசுல எப்பவாவது ஒரு தடவை பரிசோதனை செஞ்சவங்க தமிழ்நாட்டுல 9.8%. இந்தியாவுல 1.9%. தமிழ்நாடு முன்னணியாம்!

8/ "அறியாமை"ன்னு சொல்றவங்களுக்கு: வடநெம்மேலியில 1978-ல தொடங்கின இருளர் கூட்டுறவு சங்கம் பாம்பு விஷம் எடுக்குது. பாம்புக்கடி கேஸுக்கு நாம போடற மருந்துக்கு மூலப்பொருள் அது. அவங்க அறிவு வேணும், அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்க மட்டும் நேரம் இல்லையா?

9/ "அதான் சுய மாதிரி எடுக்கிற கிட் வந்தாச்சே" என்பீங்க. வரவேற்கிறேன். ஆஸ்திரேலியாவுல 2022-ல இருந்து எல்லாப் பெண்களுக்கும் அந்த வாய்ப்பு இருக்கு, பழங்குடிப் பெண்களுக்கும் சேர்த்து. ஆனா ரிசல்ட் சொல்ல ஆள் திரும்பி வரலைன்னா, பாட்டிக்கு அது இன்னொரு "எடுத்துனு போனாங்க" தான்.

10/ ஆய்வு பண்றவங்களுக்கு, எத்திக்ஸ் கமிட்டிக்கு என் கோரிக்கை:
• திட்டம் எழுதறதுக்கு முன்னாடி அந்தப் பெண்களோட உட்கார்ந்து பேசுங்க.
• அவங்க சொல்ற நேரத்துல போங்க. சாயங்காலமோ, சூளையிலயோ.
• குடியிருப்புல இருந்தே ஒரு பெண்ணைச் சம்பளத்தோட குழுவுல சேருங்க.
• முடிவை நேர்ல போய் சொல்லுங்க.
• பாசிட்டிவ்னா பஸ் காசும் அன்னைக்குக் கூலியும் பட்ஜெட்ல இருக்கணும்.

11/ காரப்பேட்டையில அரசு புற்றுநோய் மருத்துவமனை நம்ம ஊர்லயே இருக்கு. அவ்வளவு பக்கத்துல இருந்தும் முத்தின பிறகுதான் வர்றாங்கன்னா, குறை நம்மகிட்ட. அந்த 4 பேர் ரிசல்ட்டை நானே கொண்டுபோய் கொடுத்தேன். அடுத்த தடவை 19 பேர் வந்தாங்க. விழிப்புணர்வு வகுப்பு ஒண்ணுகூட எடுக்கலை.