மலையேறும் ஸைக்கிள்

திற்பரப்பு என்றதும் நேயர்களுக்கு அருவிதான் ஞாபகத்துக்கு வரும். கோதையாறு அங்கே பெரிய பாறைப் பரப்பின்மீது விரிந்து வந்து, ஏறக்குறைய ஐம்பது அடி கீழே விழுகிறது. மகாதேவர் கோயிலில் தரிசனம், அருவியில் ஸ்நானம், திரும்பும்போது நேந்திரங்காய் வறுவலில் ஒரு பொட்டலம் - இம்மூன்றையும் முடித்துக்கொண்டு மோட்டாரில் ஏறிவிடுகிறவர்களே அதிகம். அருவிக்கு அப்பால், ரப்பர் தோட்டங்களுக்குள் வளைந்து வளைந்து ஏறும் செம்மண் பாதைகளை அவர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அப்பாதைகளைப் பார்த்ததும் கால் துறுதுறுக்கிறவர்கள் வேறு ரகம். தடித்த டயரும், அடுக்கடுக்காய்ப் பல்சக்கரமும், முன்னால் ஸ்பிரிங் வைத்த கவையும் உள்ள ஸைக்கிளில் ஏறி, கல்லிலும் வேரிலும் குதித்து இறங்குவதில் அவர்களுக்கு ஓர் ஆனந்தம்.

இந்த ஆனந்தத்தை ஒரு பந்தயமாக்கியவர்கள் அமெரிக்காவில் காலிபோர்னியா வாலிபர்கள். 1976-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், டாமல்பைஸ் என்ற மலைக்கு அருகே, பழைய கனத்த ஸைக்கிள்களில் மண் பாதை வழியாகத் தலைதெறிக்க இறங்கினார்கள். (மலையின் பெயரிலேயே விழுகிற சத்தம் கேட்கிறது அல்லவா?) பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அந்த வண்டிகளில் இருந்தது. அடிவாரம் சேர்வதற்குள் அச்சுக்குள்ளிருந்த கொழுப்பு முழுவதும் புகைந்து போய்விடும்; மறுபடி கொழுப்பு அடைத்துத்தான் அடுத்த ஓட்டம். இருபதே வருஷத்தில், 1996-இல் அட்லாண்டாவில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் இந்த விளையாட்டுக்கு இடம் கிடைத்துவிட்டது. நமக்குப் பக்கத்து மலையும் பின்தங்கவில்லை. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் பந்தயங்கள் திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில் நடைபெற்றன. பொன்முடியும் திற்பரப்பின் பின்னால் தெரிகிற குன்றுகளும் ஒரே மலைத் தொடரைச் சேர்ந்தவை. ஒரே மழை, ஒரே செம்மண்.

மேட்டிலும் பள்ளத்திலும் விரைந்து செல்வது இந்தப் பிரதேசத்துக்குப் புதிதும் அன்று. மாசி மாதம் சிவராத்திரியின்போது சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்கள், திருமலையில் புறப்பட்டுத் திக்குறிச்சி வழியாகத் திற்பரப்புக்கு மூன்றாவதாக வருகிறார்கள்; பிறகு திருநந்திக்கரை, பொன்மனை என்று பன்னிரண்டு கோயில்களையும் சுற்றி முடிக்கிறார்கள். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரம். காலில் செருப்புக் கிடையாது. "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு ஓடுகிற அவர்களோடு, சைக்கிளிலும் மோட்டாரிலும் செல்கிற பக்தர்களும் இந்நாளில் உண்டு.

ஆனால் ஓடுகிற கால் மண்ணுக்குச் செய்வது வேறு, உருளுகிற சக்கரம் செய்வது வேறு. விஷயமே இதில்தான் இருக்கிறது.

ரப்பர் தோட்டத்துப் பாதை உல்லாசத்துக்காகப் போட்ட பாதை அல்ல. விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டும் தொழிலாளி அதில் நடக்கிறார். மரத்துக்கு மரம் வெட்டி, சிரட்டையை வைத்து, சில மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து பாலைச் சேகரித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார். அந்த வேளையில் வளைவுக்கு மேலிருந்து ஒரு ஸைக்கிள் பாய்ந்து வந்தால் என்ன ஆகும்? ஸைக்கிள்காரருக்கு முழங்காலில் சிராய்ப்பு. தொழிலாளிக்கு ஒரு காலைப்பொழுதின் உழைப்பு மண்ணில். இரண்டும் சமம் என்று சொல்லமாட்டேன். ஆகவே தோட்டக்காரரின் அனுமதி பெற்றாலும், முற்பகலில் அந்தப் பாதையில் இறங்காமல் இருப்பதே நியாயம். பிற்பகலில் போகலாம் என்றாலோ, ஐப்பசி கார்த்திகையில் இடியும் மழையும் பிற்பகலில்தான் வந்து நிற்கும். மிஞ்சுவது தையும் மாசியும். அப்பொழுது ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கின்றன. புதுத் தளிர் முற்றும் வரையில் பல தோட்டங்களில் பால் வெட்டை நிறுத்தி வைக்கிறார்கள். பாதையும் உலர்ந்திருக்கும். ஆனால் உதிர்ந்த சருகு கணுக்கால் உயரம் கிடக்கும். அடியில் கல் இருப்பதும் தெரியாது, வேர் இருப்பதும் தெரியாது. வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டியதுதான்.

இனி, பாதை கெடுகிற விதத்தைப் பார்ப்போம். இறக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் இறுகப் பிடித்தால் சக்கரம் சுழலாமல் நின்று, மண்ணைக் கீறிக்கொண்டு சறுக்கும். விரற்கடை ஆழத்தில் ஒரு கோடு விழும். அற்பம் என்று நாம் நினைக்கிறோம். மழைத் தண்ணீர் அப்படி நினைப்பதில்லை. பாதை முழுவதும் பரவி ஓடவேண்டிய நீர் அந்தக் கோட்டில் ஒன்று சேர்ந்து, வேகம் பெற்று, ஒரே பருவத்தில் அதை ஓடையாக்கிவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற சீமையில் கேட்கவேண்டுமா? அப்புறம் வருகிற ஸைக்கிள்காரர் ஓடையைத் தவிர்த்து ஓரமாகப் போவார். அங்கே இரண்டாவது ஓடை. நாலு முழப் பாதை நாற்பது முழப் புண்ணாகி, மேல் மண்ணெல்லாம் கோதையாற்றுக்குப் போய்ச் சேரும்.

இதற்குப் பரிகாரம் மண்வெட்டிதான். மலைப் பாதை போடுகிறவர்கள் உலகெங்கும் அனுசரிக்கிற கணக்கு ஒன்று உண்டு: பாதையின் ஏற்றம், அது செல்லும் மலைச் சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேற்படலாகாது. நூறு அடிக்கு முப்பது அடி உயரும் சரிவானால், பாதை நூறுக்குப் பதினைந்துக்குள் இருக்கட்டும். செங்குத்தாக இறங்குகிற பாதை நீருக்கு வாய்க்கால். குறுக்காகச் சாய்ந்து போகிற பாதைதான் பாதை. அதுவும் பள்ளத்துப் பக்கமாக நூற்றுக்கு ஐந்து வீதம் சற்றே சரிந்திருந்தால், நீர் நெடுக ஓடாமல் குறுக்கே வழிந்துவிடும். இடையிடையே பாதையைக் கொஞ்சம் தாழ்த்தி மறுபடி ஏற்றிவிட்டால், சேர்ந்த நீரும் அங்கே வெளியேறும். வேடிக்கை என்னவென்றால், ரப்பர் மரங்கள் நிற்கிற படிமேடைகளை இதற்கு நேர்மாறாக, மலைப் பக்கமாகவே சரித்து வெட்டுகிறார்கள். மரத்துக்கு நீர் தங்கவேண்டும், பாதைக்குத் தங்கக் கூடாது. ஆகையால் படிமேடையில் ஸைக்கிள் விடுவதும், மண்வெட்டியோடு போனவர் உற்சாகத்தில் அதையும் 'சீர்திருத்தி'விடுவதும் பெருந் தவறு. மழைக்குப் பிறகு எப்பொழுது போகலாம் என்பதற்குப் பஞ்சாங்கம் வேண்டாம்: பத்து அடி உருட்டிப் பார்த்து, டயர் தடம் பள்ளமாகப் பதிந்தால் வீட்டுக்குத் திரும்பலாம்.

பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை வன விலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. யானை நடமாடும் இடம். காணி மக்கள் வாழும் இடம். வனத்துறையின் அனுமதியில்லாமல் அங்கே சக்கரம் நுழையக் கூடாது. சத்தமில்லாத வண்டி காட்டில் நல்லதுதான் என்று சிலர் வாதிப்பார்கள். சத்தமில்லாமல் யானையின் எதிரே போய் நிற்பதில் என்ன நன்மை என்பது விளங்கவில்லை.

வண்டியைப் பற்றிச் சில குறிப்புகள். டயரில் காற்றைக் கல்போல் அடைப்பது ரஸ்தாவுக்குச் சரி. வேரும் கல்லும் உள்ள பாதையில் அது துள்ளும். இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமுள்ள டயரானால், நடுத்தர எடையுள்ளவருக்கு முப்பது பவுண்டு அழுத்தத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, அவரவர் அனுபவத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். மிகவும் குறைத்தால் கல்லில் மோதி டியூப் கிழியும். டியூப் இல்லாத டயர்களுக்குள் ஊற்றுகிற அடைப்புத் திரவங்களில் பலவும் ரப்பர் பாலைக் கொண்டே செய்தவை. முள் குத்திய துவாரத்தில் காற்றோடு வெளிப்படும் பால் அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்கிறது. மரத்தில் வெட்டுவாயில் ஒட்டுப்பால் உறைகிற அதே வித்தை. சில மாதத்தில் அது உள்ளேயே காய்ந்துபோகும் என்பதை மறந்து, வழியில் உட்கார்ந்து விதியை நொந்து பயனில்லை.

சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு யோக்கியதை இல்லை. குளிரில் உறையும், செம்மண் தூசியைச் சேர்த்துக்கொண்டு சாந்தாகிவிடும். சங்கிலிக்கென்றே விற்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மேலே வழிந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும். தேய்மானத்தை அறிய ஓர் அடி ஸ்கேல் போதும். புதுச் சங்கிலியில் இருபத்து நான்கு கண்ணிகள் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் வரும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் சங்கிலியை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு வரையில் விட்டால் பல்சக்கரங்களையும் சேர்த்து மாற்றும் செலவு வரும்.

பிரேக் கட்டைகளைச் செம்மண் சேறு அரம்போல் தின்னும். மழைக்காலத்தில் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பார்க்கவேண்டும். தலைக்கவசம் இல்லாமல் கிளம்புகிறவரோடு கூடப் போக வேண்டாம். அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு. வண்டியைக் கழுவக் குழாயை வேகமாகத் திறந்து அச்சுக்களின்மேல் பீச்சினால், கொழுப்பு வெளியேறித் தண்ணீர் உள்ளே புகும். ஒரு வாளி நீரும் பழந்துணியும் போதும். அருவியில் தாம் குளிக்கிறபோதே ஸைக்கிளையும் குளிப்பாட்டிவிடலாம் என்று நினைக்கிறவர்கள், கீழே குளித்துக்கொண்டிருக்கிற குழந்தைகளின் தலையில் சங்கிலி எண்ணெய் வந்து சேரும் என்பதைச் சற்று யோசிக்கட்டும்.