பழைய மின்கலத்திற்கும் ஒரு வாய்ப்பு

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் வாகனம் என்பது ஆடம்பரம் அன்று, அடிப்படைத் தேவை. தானா ராத்தா நகரம் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. பிரிஞ்சாங் மலையின் உச்சியோ 2,000 மீட்டரைத் தாண்டுகிறது. 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டமும் அதன்பின் உருவான பிற தோட்டங்களும் இம்மலைச் சரிவுகளில்தான் பரந்து கிடக்கின்றன. தோட்டக் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்ல வேண்டுமானால், வளைந்து நெளிந்து செல்லும் ஒடுக்கமான சாலைகளைக் கடந்தாக வேண்டும். அதனால்தான் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் இன்றும் இங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. அரை நூற்றாண்டு பழைமையான வண்டியைக்கூடப் பழுதுபார்த்து ஓட்டத் தெரிந்த ஊர் இது. ஆனால், அதே வண்டிக்குள் இருக்கும் மின்கலம் ஒருநாள் காலையில் இயந்திரத்தை இயக்க மறுத்துவிட்டால், உடனே அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை வாங்குகிறோம். இது சரிதானா?

சரியன்று என்பதே என் கருத்து. ‘செத்துப்போன பேட்டரி’ என்று நாம் ஒதுக்குபவற்றுள் பல உண்மையில் சாகவில்லை, பட்டினி கிடக்கின்றன. அவற்றை அளந்து பார்த்து, முறையாக மின்னேற்றி, மீண்டும் சோதித்த பிறகே கைவிட வேண்டும். அதற்கு உதவும் திறன் மின்னேற்றி ஒவ்வொரு தோட்டக் குடியிருப்பிலும் பொதுவாக ஒன்றாவது இருக்க வேண்டும்.

இக்கருத்தை ஏற்க வேண்டுமானால், மின்கலம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். வாகனங்களில் பெரும்பாலும் பயன்படுவது ஈய அமில மின்கலமாகும். பிரான்சு நாட்டு அறிவியலாளர் காஸ்டன் பிளாந்தே 1859ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். 12 வோல்ட் மின்கலம் என்று நாம் அழைக்கும் பெட்டிக்குள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட் மின்னழுத்தத்தைத் தரும். மின்கலம் மின்சாரத்தை வெளியிடும்போது, அதிலுள்ள கந்தக அமிலம் ஈயத் தகடுகளோடு வினைபுரிகிறது. தகடுகளின் மீது ஈயச் சல்பேட் படிகிறது. மின்னேற்றும்போது இப்படிவு கரைந்து, தகடுகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. மின்னேற்றாமல் நெடுநாள் விட்டுவிட்டால், அந்தப் படிவு கடினமான படிகங்களாக இறுகிவிடும். இறுகிய இடம் மின்சாரத்தைச் சேமிக்காது. மின்கலம் வலுவிழப்பதற்கு இது முக்கியமான காரணமாகும்.

கேமரன் மலையின் குளிர்ச்சி மின்கலத்திற்கு எதிரி என்று சிலர் கூறுவர். இது பாதி உண்மைதான். குளிரில் மின்கலத்தின் வேதிவினை சற்று மெதுவாக நடக்கும். இயந்திரத்தை இயக்கக் கூடுதல் ஆற்றலும் தேவைப்படும். ஆனால், மின்கலத்தின் ஆயுளை விரைவாகக் குறைப்பது வெப்பமே. வெப்பநிலை பத்துப் பாகை உயர்ந்தால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர்கள் பின்பற்றும் பொதுக் கணக்கு. அவ்வாறு பார்த்தால், ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் ஓடும் வண்டியின் மின்கலத்தைவிட நம் மலையில் ஓடும் வண்டியின் மின்கலம் நீண்ட நாள் உழைக்க வேண்டும். அது நடக்கவில்லை என்றால், குற்றம் குளிரிடம் இல்லை; நம் பழக்கத்தில்தான் இருக்கிறது.

நம் பழக்கம் என்ன? குடியிருப்பிலிருந்து கடைக்கு ஐந்து நிமிடம்; பள்ளிக்குப் பத்து நிமிடம். மூடுபனியில் முகப்பு விளக்கு எரிகிறது. மழையில் கண்ணாடித் துடைப்பான் ஓடுகிறது. மின்கலம் ஏறக்குறைய எண்பது விழுக்காடு வரை விரைவாக மின்னேறும். எஞ்சிய இருபது விழுக்காடு மெதுவாகத்தான் ஏறும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். குறும்பயணம் மட்டுமே செய்யும் வண்டியின் மின்கலம், இதனால் ஒருநாளும் முழுமையாக நிரம்புவதில்லை. அரைவயிறு உண்டே காலம் தள்ளுகிறது.

வார இறுதியில் மட்டும் ஓடும் வண்டியின் நிலை இன்னும் மோசம். வண்டி நின்றிருந்தாலும் அதன் கடிகாரமும் திருட்டு எச்சரிக்கைக் கருவியும் மின்சாரத்தைப் பயன்படுத்திக்கொண்டே இருக்கும். அவை 0.05 ஆம்பியர் மட்டுமே இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி செலவாகும். 45 ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்ட மின்கலம் மூன்று வாரங்களுக்குள் பாதியாகக் குறைந்துவிடும். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வெளியூர் சென்று திரும்புபவர், வண்டி இயங்காததைக் கண்டு திகைப்பதற்கு இச்சிறு கணக்கே காரணம்.

திறன் மின்னேற்றி இத்தகைய மின்கலத்திற்கு ஏற்ற கருவியாகும். பழைய வகை மின்னேற்றிக்கு நிறுத்தத் தெரியாது. மின்கலம் நிரம்பிய பிறகும் மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும், உள்ளிருக்கும் நீர் குறையும், தகடுகள் கெடும். திறன் மின்னேற்றியோ மின்கலத்தின் நிலையை அறிந்து, படிப்படியாக வேலை செய்யும். முதல் கட்டத்தில் நிலையான மின்னோட்டத்தைச் செலுத்தி, மின்னழுத்தத்தை ஏறக்குறைய 14.4 வோல்ட்டுக்கு உயர்த்தும். இரண்டாம் கட்டத்தில் அந்த மின்னழுத்தத்தை அப்படியே வைத்து, மின்னோட்டத்தை மெல்ல மெல்லக் குறைக்கும். இறுதியில் 13.5 வோல்ட் அளவிலே பராமரிப்பு நிலைக்கு மாறும். சில மின்னேற்றிகளில் சீரமைப்பு முறை ஒன்றும் இருக்கும். அது மின்துடிப்புகளையோ சற்றே உயர்ந்த மின்னழுத்தத்தையோ செலுத்தி, முழுமையாக இறுகாத சல்பேட் படிவைக் கரைக்க முயலும்.

‘முயலும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எந்த மின்கலத்தையும் உயிர்ப்பிக்கும் என்று கூறி விற்கப்படும் கருவியை நான் நம்பமாட்டேன், நீங்களும் நம்பக்கூடாது. தகடு அரித்துப்போனாலோ, ஓர் அறைக்குள் குறுக்குச் சுற்று ஏற்பட்டாலோ எந்த மின்னேற்றியாலும் அதைச் சரிசெய்ய இயலாது. முழுமையாக மின்னேற்றிய பிறகும் 10.5 வோல்ட் அளவிலேயே நிற்கும் மின்கலத்தில், ஆறு அறைகளில் ஒன்று வேலை செய்யவில்லை என்று பொருள். அதை மறுசுழற்சிக்கு அனுப்புவதே முறை. எப்சம் உப்பு போன்ற பொருள்களை உள்ளே போட்டால் மின்கலம் புதிதாகிவிடும் என்ற அறிவுரையையும் ஒதுக்கிவிட வேண்டும். நீர் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றலாம். அதுவும் மூடி திறக்கும் வகை மின்கலத்திற்கு மட்டுமே பொருந்தும்.

அப்படியானால், எதைக் காப்பது, எதைக் கைவிடுவது? ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. இங்கும் அளவீடே வழிகாட்டி. மின்கலத்தை முழுமையாக மின்னேற்றி, ஒருநாள் ஓய்வாக வைத்த பின்னர் மின்னழுத்தமானியால் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் மின்கலம் முழுமையாக நிரம்பியுள்ளது. 12.4 வோல்ட் என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு, 12.2 வோல்ட் என்றால் பாதி. அடுத்து, இயந்திரத்தை இயக்கும் நொடியில் மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அந்த மின்கலத்தை நம்ப முடியாது. இந்த இரண்டு சோதனையிலும் தேறியதை வண்டியில் பொருத்தலாம், தேறாததை மாற்றிவிடலாம்.

இதற்கு மறுப்பு உண்டு. “நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்ல வேண்டிய வண்டியில் பழைய மின்கலத்தை வைப்பதா? புதியதை வாங்கினால் நிம்மதியாகத் தூங்கலாமே!” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இக்கேள்வி நியாயமானது. உயிரைப் பணயம் வைத்துப் பணத்தைச் சேமிக்கச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால், புதிய மின்கலமும் பராமரிப்பு இல்லாவிட்டால் சில மாதங்களிலேயே வலுவிழக்கக்கூடும். மாதம் ஒருமுறை அளக்கப்படும் பழைய மின்கலத்தின் நிலை நமக்குத் தெரியும். ஒருநாளும் அளக்கப்படாத புதிய மின்கலத்தின் நிலை நமக்குத் தெரியாது. நிம்மதியைத் தருவது புதுமை அன்று, கவனிப்பே.

இனி, பணத்தைப் பற்றிப் பார்ப்போம். மகிழுந்து மின்கலம் ஒன்றுக்கு இன்று இருநூறு, முந்நூறு ரிங்கிட் செலவாகிறது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அந்த ஊதியத்தை நம்பி வாழும் ஒரு குடும்பத்திற்கு, எதிர்பாராமல் வரும் இருநூறு ரிங்கிட் செலவு என்பது பிள்ளையின் பள்ளிச் செலவையோ மளிகைச் செலவையோ தொடும் தொகையாகும். ஒரு மின்கலத்தின் விலைக்குள் நல்ல திறன் மின்னேற்றி ஒன்றை வாங்கிவிடலாம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் ஒவ்வொருவரின் பங்கும் மிகச் சிறியது. 45 ஆம்பியர்-மணி மின்கலத்தை முழுமையாக மின்னேற்ற ஒரு யூனிட் மின்சாரமே போதும்; ஒரு ரிங்கிட்கூட ஆகாது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. ஈய அமில மின்கலத்தின் எடையில் பாதிக்கு மேல் ஈயமே. ஈயம் நச்சுத் தன்மை உடையது. குறிப்பாக, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கேமரன் மலை ஆறுகள் பிறக்கும் இடம். பெர்த்தாம், தெலோம் ஆறுகள் இங்கிருந்து ஓடுகின்றன. ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் நீர் சேர்கிறது. குடியிருப்பின் பின்புறத்திலோ ஓடைக் கரையிலோ வீசப்படும் உடைந்த மின்கலம் அங்கேயே நின்றுவிடாது. மழை அதன் நஞ்சைக் கீழே கொண்டு செல்லும். 2005ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தர விதிமுறைகள் பழைய ஈய அமில மின்கலத்தைத் திட்டமிடப்பட்ட கழிவுகளின் பட்டியலில் சேர்த்துள்ளன. அதைக் கண்ட இடத்தில் போடுவது குற்றம். பயன் முடிந்த மின்கலத்தைக் கடையில் கொடுத்தால் புதியதன் விலையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. எனவே, சட்டமும் சிக்கனமும் ஒரே வழியைத்தான் காட்டுகின்றன.

இவ்வேலையில் ஆபத்தும் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். அது எளிதில் தீப்பற்றும். ஆகவே, காற்றோட்டமுள்ள இடத்தில்தான் மின்னேற்ற வேண்டும். அருகில் சிகரெட்டோ அடுப்போ இருக்கக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும். கவ்விகளைப் பொருத்திய பிறகே மின்னேற்றியை முடுக்க வேண்டும். நிறுத்திய பிறகே கழற்ற வேண்டும். உப்பியோ விரிசல் விட்டோ இருக்கும் மின்கலத்தைத் தொடவே கூடாது. மாணவர்கள் பெரியவர்களின் மேற்பார்வை இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

மேற்பார்வையோடு செய்யும்போது, இது நல்ல கல்வியாகவும் அமையும். தோட்டத்துச் சமூக மண்டபத்தில் ஒரு திறன் மின்னேற்றி, ஒரு மின்னழுத்தமானி, ஒரு குறிப்பேடு ஆகிய மூன்றும் இருந்தால் போதும். எந்த வண்டியின் மின்கலம் எந்த நாளில் எத்தனை வோல்ட் காட்டியது என்பதை இளைஞர்கள் பதிவு செய்யலாம். படிவம் ஐந்தில் இயற்பியல் பாடத்தில் படிப்பதை அங்கே கண்ணால் காணலாம். நாளை மின்வண்டிகள் பெருகினாலும் இந்த அறிவு வீணாகாது. பெரும்பாலான மின்வண்டிகளிலும் விளக்கையும் பூட்டையும் இயக்க 12 வோல்ட் மின்கலம் ஒன்று இருக்கவே செய்கிறது. பட்டறை வேலையைத் தாழ்வாகப் பார்க்காமல், தொழிற்கல்லூரிக்குச் சென்று முறையாகக் கற்க விரும்பும் மாணவனுக்கு அந்தக் குறிப்பேடே முதல் பாடநூலாகலாம்.

தேயிலைச் செடியைக் கவாத்து செய்து, உரமிட்டுப் பல்லாண்டு காப்பவர்கள் நம் தோட்டத்து மக்கள். ஒரு கொழுந்து வாடினால் செடியையே பிடுங்கி எறிய வேண்டும் என்று அவர்கள் எண்ணுவதில்லை. வேரைப் பார்க்கிறார்கள், மண்ணைப் பார்க்கிறார்கள். அதே பொறுமையை மின்கலத்தின் மீதும் காட்டலாம். அளப்போம், மின்னேற்றுவோம், மீண்டும் அளப்போம். அதன் பிறகும் தேறாததை முறையாக மறுசுழற்சிக்குக் கொடுப்போம். ஒவ்வொரு குடியிருப்பும் இந்த ஆண்டிலேயே ஒரு பொது மின்னேற்றியை வாங்க முன்வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.