தெருவின் தேவை தெருவுக்குத் தெரியும்

மழைநீர் வடிகால் முதலில் எந்தத் தெருவுக்கு வேண்டும் என்பதை அங்கே குடியிருப்பவரைவிட நன்கறிந்தவர் யார்? 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது, 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். தமிழகத்தில் வார்டு குழுக்களுக்கும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைகளுக்கும் விதிகள் 2022-இல்தான் வந்தன. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989 முதலே மக்களைக் கூட்டி பட்ஜெட் முன்னுரிமைகளை முடிவு செய்தது. அதன் பயனாக ஏழைகளின் குடியிருப்புகளைக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் எட்டின.

நம் பகுதி சபையும் மனு வாங்குவதோடு முடிந்துவிடக் கூடாது. பட்ஜெட்டுக்கு முன்பே அது கூட வேண்டும். சென்ற கூட்டத்தின் கோரிக்கைகள் என்னவாயின என்பதற்குக் கவுன்சிலர் பதில் சொல்ல வேண்டும். மக்களும் வர வேண்டும். வாக்களிப்பதோடு குடிமக்களின் கடமை முடிவதில்லை.