மரத்துக்குக் கணக்கு உண்டு, கூலிக்கு?

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அது தேவைதான், போதவும் இல்லை. ஆனால், அந்தத் தோப்பில் காய் பறித்தவர், தேங்காய் உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள் இழந்த கூலியை எந்தப் படிவம் கேட்டது? புதிய கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை அவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

வெள்ளமோ வறட்சியோ, பயிர் நிவாரணம் ஹெக்டேர் கணக்கில்தான். கேட்பது சிட்டா, அடங்கல். காலனித் தெருவில் எத்தனை வீட்டில் அது இருக்கிறது? 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமும் பெருமளவு கைமாறிவிட்டது. சாதி நிலத்தை மறுத்தது. நிலமில்லை என்று அரசு நிவாரணத்தையும் மறுத்தால் எங்கே போவது?

பயிர்ச்சேதத்தோடு வேலையிழந்த நாட்களையும் கணக்கெடுக்க வேண்டும். கூலித் தொழிலாளர், வாய்மொழிக் குத்தகைதாரர் பட்டியலைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போட வேண்டும். பஞ்சமி நிலத்தை மீட்க வேண்டும். அந்தப் பட்டியலை எழுதும் வேலையை ஊரில் படித்த பிள்ளைகள் இப்போதே தொடங்கலாம். புயல் வந்த பிறகு எழுதினால் யாரும் ஏற்க மாட்டார்கள்.