வீட்டு அடுப்புக்கும் ஒரு சால் வேண்டும்

கார்த்திகை கழிந்து மார்கழி பிறந்துவிட்டால் குருபரப்பள்ளிப் பக்கம் விடிந்த பிறகும் வெகுநேரம் பனி விலகுவதில்லை. கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்திலும், ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே நெடுஞ்சாலை மேடேறும் இடத்தில் குருபரப்பள்ளி உள்ளது. தை முடியும் வரை ராத்திரிச் சாப்பாடு சூடாக இருந்தால்தான் தொண்டையில் இறங்கும். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் இருட்டிலேயே போர்வையைச் சுற்றிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள்.

இந்தக் குளிருக்கு இப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு வந்தது சுடச்சுடக் கேழ்வரகுக் களியும், அவரைக்கொட்டைக் குழம்பும், கொள்ளு ரசமும், கீரைக் கடைசலும்தான். தமிழ் பேசும் வீட்டில் களி, கன்னட வீட்டில் முத்தே, தெலுங்கு வீட்டில் சங்கடி. பெயர் மூன்றானாலும் பண்டம் ஒன்றே. பெரும்பாலும் கடையில் காசு கொடுத்து வாங்காமல், சொந்தக் காட்டில் விளைந்ததைக் கொண்டே சமைத்தது என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

இன்று அதே வீடுகளில் கேழ்வரகு விளைந்தாலும், விளைந்ததெல்லாம் மூட்டை பிடித்து வியாபாரிக்குப் போகிறது. ராத்திரி அடுப்பில் ரேஷன் அரிசிச் சோறு வேகிறது. குழம்புக்கு வேண்டிய துவரம் பருப்பும் தக்காளியும் காய்கறியும் கடையிலிருந்து வருகின்றன. விவசாயி வீட்டிலேயே சாப்பாட்டுச் செலவு கைமீறிப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதை மாற்றுவது கடினமல்ல.

பயிரும் பருவமும்

மானாவாரிக் கேழ்வரகை ஆடி, ஆவணியில் விதைத்து ஐப்பசி, கார்த்திகையில் அறுப்பது இப்பகுதி வழக்கம். முன்னெல்லாம் கேழ்வரகை மட்டும் தனியாக விதைக்க மாட்டார்கள். இடையிடையே அவரைச் சால் ஒன்று, துவரைச் சால் ஒன்று, வரப்போரம் ஆமணக்கு, கொஞ்சம் பேயெள்ளு, கடுகு என்று கலந்து விதைப்பார்கள். எல்லையைத் தாண்டிய கர்நாடக விவசாயிகள் இதை ‘அக்கடி சாலு’ என்று சொல்வார்கள்.

இந்தக் கலப்பில் நல்ல கணக்கு இருக்கிறது. நாட்டு அவரை, பகல் நேரம் குறைந்த பிறகுதான் பூக்கும். கேழ்வரகு நிற்கும் வரை அடங்கிக் கிடந்து, கதிர் அறுத்த பிறகு வெயிலும் இடமும் கிடைத்ததும் படர்ந்து பூத்து, மார்கழியிலும் தையிலும் காய்த்துத் தள்ளும். நிலத்தில் மிஞ்சிய ஈரம் அதற்குப் போதும். பனி விழ விழத்தான் அவரைக்காய்க்கு மணம் ஏறும் என்பது அனுபவசாலிகள் சொல்லும் சொல். கேழ்வரகு வீட்டுக்கு வரும் மாதத்தை ஒட்டியே அவரையும் வந்து சேர்கிறது. குளிர்காலச் சாப்பாட்டுக்குக் களியும் தொட்டுக்கொள்ளக் குழம்பும் ஒரே நிலத்திலிருந்து, ஒரே உழவில் கிடைத்துவிடுகின்றன. அவரையின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பது கூடுதல் லாபம்.

கொள்ளுக்கு இந்த அளவு பராமரிப்பும் வேண்டாம். புரட்டாசி, ஐப்பசி மழையில் விதைத்துவிட்டு வந்தால் பனியிலேயே தேறிவிடும். காவேரிப்பட்டணம் அருகே பையூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம், இத்தகைய மானாவாரி நிலங்களுக்காகவே பையூர் 1, பையூர் 2 என்று கொள்ளு ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

கேழ்வரகிலும் ஆராய்ச்சியாளர்கள் அரிய சேவை செய்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் மண்டியா வி.சி. பண்ணையில் பணியாற்றிய லட்சுமணய்யா, இந்திய ரகங்களையும் ஆப்பிரிக்க ரகங்களையும் இணைத்து ‘இண்டாஃப்’ ரகங்களை உருவாக்கினார். அவற்றால் விளைச்சல் பெருகியது. அப்படிப் பெருகிய தானியம் விளைவித்தவன் வீட்டுத் தட்டிலிருந்து மறைந்து போவது வருந்தத்தக்கது.

செலவுக் கணக்கு

நான்கு பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். ராத்திரி ஒரு வேளைக் களிக்கு 400 கிராம் மாவு போதும். கார்த்திகை முதல் மாசி வரை 120 நாட்களுக்கு 48 கிலோ. அதாவது அரைக் குவிண்டாலுக்கும் குறைவு. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். இந்த விலைப்படி 48 கிலோவின் மதிப்பு சுமார் 2,345 ரூபாய். ஒரு ராத்திரிக்கு 20 ரூபாய்க்கும் குறைவு. இதே கேழ்வரகை விற்றுவிட்டுப் பிறகு கடையில் உறையிட்ட மாவாக வாங்குகிறவர், வியாபாரியின் லாபம், அரைத்த கூலி, உறை, வண்டிச் சத்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்.

‘ரேஷன் அரிசி சும்மா கிடைக்கும்போது 20 ரூபாய் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. தமிழகத்தில் 2011 ஜூன் முதல் ரேஷனில் விலையில்லா அரிசி வழங்கப்படுகிறது. ஏழைக் குடும்பங்களின் பசியை அது தீர்த்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அரிசி இலவசமானாலும் குழம்பு இலவசமல்ல. தக்காளி விலை ஏறும் மாதத்தில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் ஆகும் செலவைக் குடும்பம் நடத்துகிற பெண்களே நன்கு அறிவார்கள். களிக்கு வேண்டியது ஒரே ஒரு கெட்டிக் குழம்பு அல்லது கடைசல். அதுவும் அவரையாகவோ கொள்ளாகவோ காட்டுக் கீரையாகவோ இருந்துவிட்டால் வெளியே வாங்க வேண்டியது உப்பும் மிளகாயும் பூண்டும்தான்.

சத்துக் கணக்கும் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவைத் தாண்டாது. கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் புரதம். பாலும் பருப்பும் தாராளமாக வாங்க முடியாத வீட்டுக் குழந்தைகளுக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. ஆனால் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கேழ்வரகு என்றால் நீரிழிவுக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்று நினைப்பது தவறு. மாவாக அரைத்த தானியம் எதுவானாலும் அளவோடுதான் உண்ண வேண்டும்.

ஒரு கொதியில் இரண்டு பதார்த்தம்

குறைந்த செலவில் குளிருக்கு இதமாகச் சமைக்கும் முறைகள் இப்பகுதியில் பல உண்டு. அவற்றில் சில மறந்துபோகும் நிலையில் இருக்கின்றன.

களிக்கு ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர். தண்ணீர் கொதிக்கும்போது ஒரு பிடி நொய்யைப் போட்டு வேகவிட்டு, மாவை நடுவில் குவித்துக் கொட்ட வேண்டும். உடனே கிளறக் கூடாது. தீயைக் குறைத்து, ஆவியில் மாவு வெந்த பிறகு இறக்கி, களிக்கோலால் கட்டி இல்லாமல் கிண்ட வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் இருப்பதே பதம்.

அவரைக்கொட்டையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் தோலைப் பிதுக்கி எடுத்தால் அதுவே பிதுக்கம் பருப்பு. வெங்காயம், பூண்டு, தனியா, மிளகாய், கொஞ்சம் தேங்காய் அரைத்துவிட்டுக் குழம்பு வைத்தால் கறிக்குழம்புக்கு ஈடு சொல்வார்கள். தேங்காய் விலை கூடினால் வெந்த பருப்பிலேயே ஒரு கை எடுத்து அரைத்துவிடலாம். குழம்பு கெட்டிப்படும், ருசி குறையாது.

கொள்ளை முதல் நாளே ஊறவைத்து வேகவைத்தால் அடுப்புச் செலவு மிச்சம். வடித்த தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டுப் புளி சேர்த்தால் சளிக்கும் குளிருக்கும் இதமான ரசம். வெந்த கொள்ளு வீணாகாது. தாளித்தால் சுண்டல், அரைத்தால் துவையல். ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக் குடும்பங்கள் கீரையையும் பயற்றையும் சேர்த்து வேகவைத்து, வடித்த நீரைச் சாறாகவும், மிஞ்சியதைப் பொரியலாகவும் செய்கின்றன. இதற்குப் பஸ்ஸாரு என்று பெயர். ஒரே கொதியில் இரண்டு பதார்த்தம்! சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று கவலைப்படும் இல்லத்தரசிகள் கவனிக்கத்தக்க முறை இது.

கேழ்வரகுக் காட்டில் தானே முளைக்கும் பண்ணைக்கீரையைக் கடைந்தால் அதுவும் களிக்கு நல்ல துணை. களைக்கொல்லி அடித்த நிலத்தில் மட்டும் பறிக்கக் கூடாது.

களி மறைந்ததற்குக் காரணம்

‘இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சோம்பேறித்தனம், அதனால்தான் களி போயிற்று’ என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இது சரியல்ல. கேழ்வரகைப் புடைத்து, கல் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, மாவாக்கி, நான்கு பேருக்குக் களி கிண்டுவது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை அந்த வேலையைச் செய்யாதவர்கள் எடைபோட முடியாது. சிப்காட் தொழிற்சாலைக்கு ஷிப்டு போய்த் திரும்பும் பெண்ணிடம் அந்த வேலையையும் சுமத்துவது நியாயமா? வேலையைக் குறைக்க வழி செய்யாமல் பழைய உணவின் பெருமையை மட்டும் பேசுவதால் பயனில்லை.

முதல் வேலை, கல்லும் மண்ணும் கலக்காமல் பார்ப்பது. கதிரைத் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்தில் மிதிபடவிட்டுத் தாம்பு அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மணலும் எண்ணெய்க் கறையும் தானியத்தோடு சேர்வதும், மோட்டார் சைக்கிள்கள் வழுக்கி விழுவதும் இதனால்தான். ஊருக்கு ஊர் சிமெண்டுக் களம் இருந்தால் இந்தத் தொல்லை பாதி தீரும். மாவு மில்லிலேயே கல் நீக்கும் இயந்திரம் ஒன்றை மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வைத்து நடத்தினால் மீதியும் தீரும்.

இரண்டாவது, வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றபடி உணவை மாற்றிக்கொள்வது. களி ஆறினால் ருசிக்காது. டிபன் கேரியருக்கு ஆகாது. முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்ட கேழ்வரகு அடை நாலைந்து மணி நேரம் ஆனாலும் கெடாது. களியை வாரத்தில் மூன்று நாள், எல்லோரும் வீட்டில் இருக்கும் ராத்திரிக்கு வைத்துக்கொண்டாலே போதும். கோலை ஆண்கள் பிடித்துக் கிண்டினாலும் களி வேகத்தான் செய்யும்!

செய்ய வேண்டியவை

2023-ஆம் ஆண்டு சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அதே ஆண்டில் தமிழக அரசு கிருஷ்ணகிரி, தர்மபுரி விவசாயிகளிடம் கேழ்வரகை நேரடியாகக் கொள்முதல் செய்தது. நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டமும் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம்தான். ஆனால் விளைவித்துக் கொடுத்த கிருஷ்ணகிரி மாவட்டம் அந்தத் தொடக்கப் பட்டியலில் இல்லை. விளையும் மாவட்டங்களின் ரேஷன் கடைகளில், குறைந்தபட்சம் பனிக்கால மாதங்களிலாவது, விரும்புகிறவர்களுக்கு அரிசிக்குப் பதில் கேழ்வரகு கிடைக்க வேண்டும். நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கும், வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் சமைத்துச் சாப்பிடும் தொழிலாளர்களுக்கும் அதுவே வழி.

தொழிற்சாலைகளுக்கும் இதில் பங்கு உண்டு. கேழ்வரகு விளைந்த பூமியில்தான் பல கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. கேண்டீனில் வாரம் ஒரு நாள் கேழ்வரகு அடையும் கொள்ளு ரசமும் பரிமாறி, அதற்கு வேண்டிய தானியத்தைச் சுற்றுவட்டார உழவர் குழுக்களிடமே வாங்கினால் நிலையான கிராக்கி உண்டாகும்.

ஆயினும் அரசும் ஆலையும் வரும் வரை விவசாயி காத்திருக்க வேண்டியதில்லை. அறுவடை இயந்திரத்துக்கு இடைஞ்சல் என்று அவரைச் சாலை விட்டுவிட்டவர்கள், 8 வரிசை கேழ்வரகுக்கு 1 வரிசை அவரை என்ற கணக்கில் கையால் அறுக்கும் ஒரு துண்டு நிலத்திலாவது போடலாம். அறுவடை முடிந்ததும், வியாபாரி வருவதற்கு முன்பே, வீட்டுக்கென்று அரைக் குவிண்டால் கேழ்வரகைத் தனியே அளந்து வைத்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த கேழ்வரகு எளிதில் பூச்சி பிடிக்காது. அவரைக்கும் கொள்ளுக்கும் வண்டு வரும். செம்மண் கட்டிக் காயவைத்தால் தாங்கும்.

சந்தைக்குப் பயிர் செய்வது தேவைதான். பிள்ளைகள் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் பணம் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் ஊருக்கெல்லாம் விளைவித்துக் கொடுப்பவன் தன் வீட்டுக்கு மட்டும் விலை கொடுத்து வாங்கித் தின்பது நல்ல விவசாயமாகாது. வரும் ஆடியில் விதைப்பெட்டியைக் கையில் எடுக்கும்போது, அடுத்த மார்கழியில் தன் வீட்டு அடுப்பில் எது கொதிக்க வேண்டும் என்பதையும் ஒவ்வொரு விவசாயியும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு சால் ஒதுக்கினால் போதும்.